குவில்ட்டிங் ரோட்டரி கட்டர் செட்: கட்டர் அருமை, மேட் பரவாயில்ல, ரூலர்ல கோட்டை விட்டுட்டாங்க

ஒட்டுத்துணி சேர்த்து குவில்ட் போர்வை தைக்கிறவங்க யாராவது இந்த மாதிரி ரோட்டரி கட்டர் (வட்ட பிளேடு உருண்டு துணி வெட்டுற கருவி) செட்டா வாங்கலாமா இல்ல தனித்தனியா வாங்கலாமான்னு யோசிச்சுட்டு இருந்தா அவங்களுக்காகத்தான் எழுதுறேன். செட்ல 45 மிமீ கட்டர் ஒண்ணு, மாத்துறதுக்கு பிளேடு, ஏ2 சைஸ் கட்டிங் மேட், 6க்கு 24 இன்ச் நீள ரூலர், 6½ இன்ச் சதுர ரூலர், கூடவே கொஞ்சம் கிளிப்பு வருது. கட்டருக்காக தாராளமா வாங்கலாம். ஆனா அந்த சதுர ரூலரை நம்பி நல்ல துணில பிளேடை வச்சிடாதீங்க, ஏன்னு கீழ விவரமா சொல்றேன்.

கட்டர் நிஜமாவே நல்லாருக்கு. கைப்பிடிய அமுக்கினா பிளேடு வெளிய வருது, விட்டா தானா உள்ள போயிடுது, அதுக்கு மேல லாக் பட்டனும் இருக்கு. வீட்ல குழந்தைங்க இருந்தா இந்த டைப் தவிர வேற எதையும் வாங்காதீங்கன்னு தான் நான் சொல்வேன், ஏன்னா இந்த பிளேடு கத்தரிக்கோல் மாதிரி இல்ல, விரல் மேல லேசா உருண்டா கூட ஆழமா இறங்கிடும். இடது கைக்காரங்க ஸ்க்ரூவ கழட்டி பிளேடை அந்தப்பக்கம் மாத்தி போட்டுக்கலாம், அந்த வசதி எல்லா கட்டர்லயும் இருக்காது. நாலு மடிப்பு காட்டன் துணி ஒரே இழுப்புல சுத்தமா வெட்டுது, ஓரத்துல பிசிறு இல்ல. 1979ல ஓல்ஃபா கம்பெனி முதல் ரோட்டரி கட்டரை கொண்டு வர்றதுக்கு முன்னாடி அட்டைல அளவு வெட்டி, துணி மேல வச்சு கோடு போட்டு, ஒவ்வொரு துண்டா கத்தரிக்கோல்ல தான் வெட்டிட்டு இருந்திருக்காங்க, ஒரு பெரிய குவில்ட்டுக்கு நூத்துக்கணக்குல துண்டு வேணும்னு நினைச்சுப் பாருங்க, அந்தக் காலத்து கைங்களுக்கு ஒரு கும்பிடு போடணும்.

எக்ஸ்ட்ரா பிளேடு எண்ணெய் தடவி வருது, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், பிரிக்கும்போது நிதானமா பிரிங்க. பிளேடு விஷயத்துல எல்லாரும் படுற எரிச்சல் ஒண்ணு இருக்கு, வெட்டிட்டு துணிய தூக்கினா அங்கங்க ரெண்டு மூணு நூல் மட்டும் அறுபடாம தொங்கும். உடனே பிளேடு மொக்கைன்னு தூக்கிப் போட வேணாம், முதல்ல அந்த நூல் எங்க எங்க விட்டுப்போயிருக்குன்னு பாருங்க. 45 மிமீ பிளேடோட சுத்தளவு சுமார் 14 செமீ, அதாவது கிட்டத்தட்ட 5½ இன்ச். விட்டுப்போன இடம் சரியா அதே இடைவெளில திரும்பத் திரும்ப வந்தா பிளேடுல ஒரு இடத்துல பல்லு விழுந்திருக்குன்னு அர்த்தம், குண்டூசி மேல ஏறினாலே அது போதும். பிளேடு எப்படி இருந்தாலும் மேட்ல ஒரே இடத்துல மட்டும் நூல் அறுபடலன்னா அது மேட்டோட பிரச்சனை, அங்க பள்ளம் விழுந்திருக்கும். எல்லா இடத்துலயும் விடுதுன்னா மட்டும் தான் முனை மழுங்கிடுச்சு. இதுல எதுவுமே இல்லாம கட்டர் உருளவே சிரமப்பட்டா ஸ்க்ரூ ரொம்ப இறுகியிருக்கும், இல்லன்னா பிளேடுக்குப் பின்னாடி பஞ்சு அடைச்சிருக்கும், கழட்டி துடைச்சுட்டு தையல் மெஷின் ஆயில் ஒரே ஒரு சொட்டு விட்டு மாட்டினா மறுபடி வெண்ணெய்ல இறங்குற மாதிரி இறங்கும். கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, எந்த வாஷர் எந்தப் பக்கம்னு அப்புறம் தேட வேண்டியதில்ல. பழைய பிளேடை அப்படியே குப்பைல போடாதீங்க ப்ளீஸ், குப்பை அள்ளுறவங்க கை கிழியும், ஒரு மூடி போட்ட டப்பால சேர்த்து டேப் ஒட்டி கொடுங்க.

மேட் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. ஒரு பக்கம் இன்ச், மறுபக்கம் செமீ, பிரிச்சதும் பிளாஸ்டிக் வாடை கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு, காத்தாட வச்சதும் போயிடுச்சு. வெட்டுத்தடம் தானா மூடிக்குது, ஆனா ஒரே கோட்டு மேலயே வெட்டிட்டு இருந்தா எந்த மேட்டும் தாங்காது, அப்பப்போ திருப்பிப் போடுங்க. வெயில் படுற இடத்துல சாய்ச்சு வைக்கக்கூடாது, மேல வச்சு அயர்ன் பண்ணக்கூடாது, சூடான டம்ளர் கூட வைக்கக்கூடாது, ஒரு தடவ வளைஞ்சுட்டா அப்புறம் என்ன பாரம் வச்சாலும் பழைய நிலைக்கு வராது. தடத்துல சிக்கின பஞ்ச எடுக்க பென்சில் ரப்பர் போதும்.

இப்போ ரூலருக்கு வர்றேன், என் வருத்தமே இங்க தான். நீள ரூலர் ஓகே, ஸ்டீல் ஸ்கேல் பக்கத்துல வச்சுப் பார்த்தேன், கோடு எல்லாம் சரியா உக்காருது. சதுர ரூலர்ல தான் முதல் இன்ச் ஓரத்துல இருந்து அரை நூல், அதாவது 1/16 இன்ச் தள்ளி பிரிண்ட் ஆயிருக்கு. ஒரு அரை நூலுக்கு இவ்வளவு பேச்சான்னு தைக்காதவங்க கேப்பாங்க, அவங்களுக்காக கணக்கு போட்டே காட்டுறேன். 2½ இன்ச் சதுரம் ஒம்போது ஒரு வரிசைல தைச்சா, ரெண்டு பக்கமும் கால் இன்ச் தையலுக்குப் போக ஒவ்வொண்ணும் 2 இன்ச் நிக்கும், வரிசை மொத்தம் 18 இன்ச் வரணும். ஒவ்வொரு துண்டும் 1/16 கூடுதலா இருந்தா வரிசை 9/16 இன்ச் நீளமாயிடும், அரை இன்ச்சுக்கு மேல! பக்கத்து வரிசைய நீள ரூலர்ல வெட்டியிருந்தா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேரவே சேராது, இழுத்து சுருக்கி எப்படியோ தைச்சாலும் நடுவுல கூடாரம் மாதிரி தூக்கிட்டு நிக்கும், அயர்ன் பண்ணாலும் படியாது. ரெண்டு ரூலரும் ஒரே பெட்டில வருது, ரெண்டுக்கும் இடைல பேச்சு வேறயா இருந்தா வாங்குறவங்க என்ன பண்றது சொல்லுங்க? புதுசா கத்துக்கிறவங்க தன் தையல்ல தான் தப்புன்னு நினைச்சு மனசு விட்டு துணிய மூட்டை கட்டி வச்சிடுவாங்க, அதை நினைச்சா தான் எனக்கு கோவமே வருது.

எந்த பிராண்டு ரூலரா இருந்தாலும் துணில வைக்கிறதுக்கு முன்னாடி இதை செஞ்சு பாருங்க. ஒரு ரூலர் மேல இன்னொண்ணை ஓரம் ஓரத்தோட சேர்த்து வச்சு ஜன்னல் கண்ணாடில வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க, கோடு மேல கோடு உக்காரணும், ரெட்டையா தெரிஞ்சா ஒண்ணு பொய் சொல்லுது, எதுன்னு ஸ்டீல் ஸ்கேல் சொல்லிடும். சதுர ரூலர்ல 45 டிகிரி கோடு மூலைல இருந்து ஆரம்பிச்சா எதிர் மூலைல தான் போய் முடியணும், பக்கத்துல இல்ல. முக்கோணம் சேர்த்து பிளாக் (குவில்ட்டோட ஒரு சதுரக் கட்டம்) பண்றவங்களுக்கு அந்த ஒரு கோடு தான் உயிர், 4 இன்ச் நிக்கிற பிளாக்குக்கு 4 7/8 சதுரம் வெட்டி குறுக்கால அறுத்து தைக்கிற வேலைல கோணம் லேசா சாஞ்சாலும் முனை எல்லாம் தையலுக்குள்ள போய் மொட்டையாயிடும். அப்புறம் மேட்ல இருக்கிற கோட்டை அளவுக்கு எடுக்காதீங்க, அது துணிய நேரா போடுறதுக்கு மட்டும், அளவு எப்பவும் ரூலர்ல. ஒரு குவில்ட் ஆரம்பிச்சா முடியிற வரைக்கும் ஒரே ரூலர்.

இன்னொரு குறையும் இருக்கு, ரெண்டு ரூலருக்கும் அடில வழுக்காம இருக்க எதுவும் இல்ல. நீளமா வெட்டும்போது பாதி தூரம் போனதும் மேல் நுனி நைஸா நகருது. கைய விரிச்சு ஊனி, சுண்டு விரலை ரூலருக்கு வெளிய துணில அழுத்தி, பாதி வெட்டினதும் கட்டரை அப்படியே நிறுத்திட்டு கைய மேல நகர்த்தி மீதிய வெட்டுங்க, நகராது. உப்புத்தாள் வட்டமா வெட்டி ஒட்டலாம், ஆனா மெல்லிசா ஒட்டணும், தடிமனா ஒட்டினா ரூலர் துணில படியாம தூக்கிட்டு நிக்கும், பிளேடு அடில நுழைஞ்சிடும். துணிக்கு லேசா கஞ்சி போட்டு அயர்ன் பண்ணிட்டு வெட்டினாலும் பெரிய வித்தியாசம் தெரியுது, துணி காகிதம் மாதிரி நிக்கும், கட்டருக்கும் சுகம்.

ரூலரை மட்டும் மாத்திக் கொடுங்கன்னு கடைக்கு எழுதினேன், ஸ்டீல் ஸ்கேலோட சேர்த்து போட்டோவும் அனுப்பினேன். மரியாதையா தான் பதில் வந்துச்சு, ஆனா மாத்துனா முழு செட்டா தான் மாத்துவோம், தனியா ரூலர் கிடையாதாம். வேற செட் வந்தாலும் அதே அச்சுல அடிச்ச ரூலரா இருக்க வாய்ப்பு அதிகம், இவ்வளவு நல்ல கட்டரைத் திருப்பிக் கொடுக்கவும் மனசு வரல, அதனால செட்டை வச்சுக்கிட்டு சதுர ரூலரை மட்டும் தனியா வேற இடத்துல வாங்கிட்டேன். கட்டரும் மேட்டும் மட்டும் சேர்ந்த சின்ன செட்டும் இதே கம்பெனில இருக்கு, ரூலர் ஏற்கனவே வச்சிருக்கிறவங்க அதை வாங்குங்க. அஞ்சுக்கு மூணு ஸ்டார் கொடுத்திருக்கேன், மூணும் கட்டருக்கு.