சிட்னி ஆல்ட்மனைப் படிக்க நோபல் தளம்: எது தேறும், எது தேறாது

நோபல் பரிசின் அதிகாரபூர்வ இணையதளத்தை அக்டோபரில் பெயர்கள் அறிவிக்கும்போது எட்டிப் பார்ப்பதோடு சரி என்று இருப்பவர்கள்தான் அதிகம். பழைய ஆண்டுகளின் பக்கங்களுக்குள் போய்ப் பாருங்கள், சரக்கே வேறு. காசு கிடையாது. நான் போனது 1989 வேதியியல் பரிசுக்கு, அதாவது ஆர்என்ஏவும் நொதியாக (செல்லின் வேதிவினைகளை முடுக்கிவிடும் பொருளாக) வேலை செய்யும் என்று கண்டதற்காக தாமஸ் செக்குடன் அதைப் பகிர்ந்துகொண்ட சிட்னி ஆல்ட்மனுக்காக.

முதலில் அவரே எழுதிய வாழ்க்கைக் குறிப்பு. மான்ட்ரியாலில் புலம்பெயர்ந்து வந்த பெற்றோர், மளிகைக் கடை, எம்ஐடியில் இயற்பியல், கொலம்பியாவில் சேர்ந்த இயற்பியல் மேற்படிப்பைப் பாதியில் விட்டது, அப்புறம் கொலராடோவில் லியோனார்ட் லெர்மனிடம் பாக்டீரியாவைத் தாக்கும் டி4 வைரஸின் டிஎன்ஏவில் அக்ரிடின் சாயங்கள் என்ன செய்கின்றன என்று பார்த்தது, பிறகு மூலக்கூறு உயிரியலின் பெரிய தலைகளோடு வேலை: ஹார்வர்டில் மெசல்சன், கேம்பிரிட்ஜில் பிரென்னரும் கிரிக்கும். இதுவரை நன்றாகவே போகிறது. 1971இல் யேலுக்கு வந்ததும் நடை மாறிவிடுகிறது. பேராசிரியர் ஆனது, துறைத் தலைவர் ஆனது, டீன் ஆனது என்று பதவிப் பட்டியல். பரிசு வாங்கித் தந்த வேலையே அந்த ஆண்டுகளில்தான் நடந்தது, அதைப் போய் இப்படி ஓட்டிவிட்டாரே மனுஷன் என்று எரிச்சலாக இருந்தது.

ஆனால் நோபல் உரை அந்தக் குறையைத் தீர்த்துவிடுகிறது. பிடிஎஃப் ஆகவே கிடைக்கிறது. ஈ.கோலை பாக்டீரியாவில் டிஆர்என்ஏ (புரதம் கட்ட அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் ஆர்என்ஏ) இறுதி வடிவத்தில் பிறப்பதில்லை, நீளமாகப் பிறந்து பிறகு வெட்டப்படுகிறது. அந்த வெட்டுப்படாத வடிவத்தைக் கையில் பிடிப்பதுதான் பிரச்சினை, ஏனென்றால் செல் அதை உடனே வெட்டிவிடும். கேம்பிரிட்ஜில் இருந்தபோதே ஆல்ட்மன் கதிரியக்கப் பாஸ்பரஸ் ஏற்றி வளர்ந்துகொண்டிருந்த பாக்டீரியா மீது நேராக ஃபீனாலைக் கொட்டி எல்லாவற்றையும் அந்த நொடியிலேயே நிறுத்தினார், டைரோசின் என்ற அமினோ அமிலத்தைச் சுமக்கும் டிஆர்என்ஏவில் பிறழ்வு உள்ள வகைகளில் அந்த முன்வடிவம் சிக்கியது. அதன் தொடக்க முனையில் (5' முனை) 41 நியூக்ளியோடைடுகள், அதாவது ஆர்என்ஏ சங்கிலியின் கண்ணிகள், கூடுதல். அதை வெட்டும் நொதிதான் ஆர்என்ஏஸ்-பி.

அதற்கப்புறம்தான் கதை சூடு பிடிக்கிறது. 1978இல் அவருடைய மாணவர் பெஞ்சமின் ஸ்டார்க் அந்த நொதிக்குள் ஒரு ஆர்என்ஏ இருப்பதையும், அதை அழித்தால் நொதியே செத்துவிடுவதையும் காட்டினார். நொதி என்றால் புரதம் என்பது அன்று வேதவாக்கு. அந்த ஆர்என்ஏ தனியாகவே வெட்டும் என்று சொல்லும் துணிச்சலும் எங்களுக்கு இல்லை, அப்படித் தோன்றவும் இல்லை என்று ஆல்ட்மனே உரையில் ஒப்புக்கொள்கிறார். 1983இல் டென்வரின் நார்மன் பேஸ் குழுவோடு சேர்ந்து, ஈ.கோலை நொதியின் ஆர்என்ஏ, புரதப் பாகங்களையும் இன்னொரு பாக்டீரியா நொதியின் பாகங்களையும் மாற்றி மாற்றிக் கோத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மெக்னீசியம் அதிகமாக இருந்த கரைசலில், புரதமே சேர்க்காமல் ஒப்பீட்டுக்காக வைத்த குழாயிலும் வெட்டு விழுந்திருப்பதை ஆல்ட்மன் ஆய்வகத்தின் செசிலியா கெரியே-தகாடா கண்டார். புரதம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று யாரும் கேட்பார்கள்தானே? மரபணுவிலிருந்து சோதனைக்குழாயிலேயே அந்த 377 நியூக்ளியோடைடு ஆர்என்ஏவைப் படியெடுத்து, அதுவும் வெட்டுகிறது என்று 1984இல் காட்டி அந்தச் சந்தேகத்தையும் முடித்தார்கள்.

இந்தப் பகுதிக்காகவே அந்தப் பக்கத்துக்குப் போகலாம். ஆனால் எல்லோருக்கும் இல்லை: ஜெல் படம் (ஆர்என்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டுவது) பார்த்துப் பழகாதவர்களுக்கு உரையின் பின்பாதி கொஞ்சம் கரடுமுரடு, எழுதியது முழுக்க வேதியியலாளர்களுக்கு. அப்படிப்பட்டவர்கள் பரிசு அறிவிப்புச் செய்திக்குறிப்பைப் படித்தால் போதும், செக் டெட்ராஹைமெனா என்ற ஒற்றைச்செல் உயிரியில் செய்ததையும் சேர்த்துச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார்கள். தமிழில் எதுவும் இல்லை, ஆங்கிலம்தான். இன்னொன்று, உரை 1989 டிசம்பரோடு நின்றுவிடும், வழிகாட்டி ஆர்என்ஏவைக் கொண்டு இதே நொதியை வேறு ஆர்என்ஏக்கள் மீது ஏவிவிடும் அவருடைய பிற்கால வேலையை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

முதுகலை நுண்ணுயிரியல் மாணவர் என்றால் உரையை முதலில் படியுங்கள், வாழ்க்கைக் குறிப்பை டீ குடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். கையோடு 2009 வேதியியல் பக்கத்தையும் திறந்துவிடுங்கள். ரைபோசோமில் புரதத்தைக் கோக்கும் வேலையைச் செய்வதும் ஆர்என்ஏதான், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் அதன் அமைப்பை ஆராய்ந்தது ஆல்ட்மன் ஃபீனால் கொட்டிய அதே கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில். அவருடைய உரையும் அங்கேயே இலவசமாக இருக்கிறது.