1952 செவர்லே பேனல் டிரக்: புது சீட் ரன்னர் போட்டு மூன்று வருஷம்

ரன்னர் என்றால் சீட் முன்னும் பின்னும் நகர அடியில் இருக்கும் தண்டவாள ஜோடி. பழைய ரன்னரில் ஒரு பக்க லாக்தான் பிடிக்கும். சிக்னலில் இருந்து கிளம்பினால் சீட் ஒரு பல் பின்னால் நழுவும், க்ளட்ச் காலுக்கு எட்டாது. இந்த அரை டன் மாடலில் (3105) ஸ்டார்ட்டரும் காலால் மிதிப்பதுதான், நழுவினால் அதுவும் போச்சு. நல்லவேளை, மாற்ற வேண்டியது ஒரே சீட். பக்கத்து சீட்டுக்கு அந்தக் காலத்தில் தனிக் காசு. என் வண்டியைப் புதிதாக வாங்கியவர் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

ரன்னர் ஜோடி, கைப்பிடி, ஸ்பிரிங், போல்ட் எல்லாம் ஒரே செட்டாக வந்தன. ரன்னர் நல்ல கனம். வில்லங்கம் போல்ட்டில்தான். தரைத் தகட்டில் பற்றவைத்திருக்கும் நட்டு 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 18 மரை. செட்டில் இருந்ததோ எம்8, அதாவது 8 மில்லிமீட்டர் மெட்ரிக் போல்ட், மரையின் நெருக்கமே வேறு. 7.94 மில்லிமீட்டருக்கும் 8-க்கும் கண்ணுக்கு என்ன வித்தியாசம் தெரியும்? கையால் இரண்டு சுற்று போனது, அப்புறம் இறுகியது. மிச்சிகனில் பனிக்காகச் சாலையில் கொட்டும் உப்பால் பிடித்த துருவாக இருக்கும் என்று நினைத்து ஸ்பேனரைப் போட்டு அழுத்தினேன். நட்டின் மரை வெள்ளிச் சுருளாக வழிந்து வந்தது.

மற்ற மூன்றில் 5/16 டேப் (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்து, தலையில் மூன்று கோடு போட்ட கிரேடு 5 போல்ட் வாங்கிப் போட்டேன். கெட்டுப்போன இடத்தில் அடியில் அகலமான வாஷர் வைத்து முழு நீள போல்ட்.

அடுத்த தப்பு, நாலையும் உடனே இறுக்கியது. சீட் பாதியில் சிக்கிக்கொண்டது. அளந்தால் ரன்னர்களின் இடைவெளி முன்னால் இருப்பதைவிடப் பின்னால் 3 மி.மீ. அதிகம். போல்ட்டைத் தளர்த்தி, சீட்டைக் கடைசிவரை முன்னும் பின்னும் ஓட்டிய பிறகு இறுக்கினேன். லாக் விழும்போது ஒரே ‘டிக்’ கேட்க வேண்டும். இரண்டு கேட்டால் இரு பக்க லாக்கையும் இணைக்கும் நடுக் கம்பி தளர்வு என்று அர்த்தம்.

முதல் வருஷம் கிரீஸ் தடவியது வீண். மண்ணும் நாய் முடியும் ஒட்டிப் பிசினாகிவிட்டது. மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு, இப்போது உலர் லூப்ரிகன்ட் மட்டும். இரண்டாம் வருஷம் ஸ்பிரிங்கின் கொக்கி விரிந்தது. கடையில் வேறு வாங்கினேன். சீட் பெல்ட் இந்த வண்டியில் முதலிலிருந்தே கிடையாது. நான் சேர்த்ததை ரன்னரில் மாட்டவில்லை, தரைக்கு அடியில் தனியாகத் தடித்த பட்டை வைத்துப் பிடித்திருக்கிறேன்.

மறுபடி வாங்குவேனா? ரன்னருக்காக வாங்குவேன், போல்ட் பையைப் பிரிக்கவே மாட்டேன். நெட்டையான என் தம்பி ஓட்ட உட்கார்ந்தால் இப்போது ஒரே தள்ளு. முன்பெல்லாம் அவன் முழங்கால் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டும்.