‘எல்லா மெஷினுக்கும் பொருந்தும்’ என்ற பேச்சை நம்பி என் செயின்சாவைப் பாழாக்கிக்கொண்டேன்

போன வாரம்தான் மெக்கானிக் என் செயின்சாவைப் பிரித்துக் காட்டினார். இன்ஜின் விசையைச் செயினுக்குக் கொடுக்கும் கிளட்ச் டிரம் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கிறது. எண்ணெய் பம்பைச் சுழற்றும் பிளாஸ்டிக் பல்சக்கரம் உருகிவிட்டது. புதிதாக வாங்கி மாட்டிய பாரின் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) முனைச் சக்கரம் இறுகிப்போய் அசையவே மறுக்கிறது. வாங்கிய செட்டுக்கும் இந்த ரிப்பேருக்கும் சேர்த்து என் இரண்டு மாதச் சேமிப்பு முழுக்கக் காலி. கோபம் அடங்கினால் ‘போகட்டும்’ என்று விட்டுவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

என்னுடையது 38 சிசி மெஷின். அதோடு வந்தது 14 இன்ச் பார், 3/8 இன்ச் பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி) கொண்ட, உயரம் குறைந்த ‘லோ ப்ரொஃபைல்’ செயின், பாரின் பள்ளத்தில் ஓடும் கண்ணிகள் (டிரைவ் லிங்க்) 52. பெரிய அடிமரம் ஒன்றை அறுக்க வேண்டியிருந்தது, இந்த நீளம் போதாது என்று பட்டது. பலரும் கடை போட்டிருக்கும் ஒரு ஆன்லைன் தளத்தில் தேடினேன். 20 இன்ச் பார், .325 பிட்ச் செயின், அதற்கேற்ற ஸ்ப்ராக்கெட்டோடு (செயினை இழுக்கும் பல்சக்கரம்) கிளட்ச் டிரம், எல்லாம் ஒரே செட்டாக இருந்தது. ‘எல்லா மெஷினுக்கும் பொருந்தும்’ என்று மேலேயே போட்டிருந்தார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை, கேட்டுத்தான் வாங்கினேன். “என் மெஷின் சின்னது, 20 இன்ச் தாங்குமா?” என்று விற்றவருக்கு மெசேஜ் போட்டேன். “பார் மாட்டுற இடத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க அண்ணா” என்றார். அங்கேதான் நான் விழுந்தேன். போல்ட் எங்கே இருக்கிறது, எண்ணெய் வரும் துளை எங்கே இருக்கிறது என்று பார்க்கிறாரே, விஷயம் தெரிந்தவராகத்தான் இருப்பார் என்று நினைத்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: “அப்படியே உட்காரும் அண்ணா, நம்பி வாங்குங்க.” உடனே பணத்தை அனுப்பினேன். எத்தனை சிசி என்று அந்த ஆள் கடைசி வரை கேட்கவே இல்லை.

அவர் சொன்னபடி அப்படியேதான் உட்கார்ந்தது. அதனால்தான் சந்தேகமே வரவில்லை. சின்னக் கிளைகளை நன்றாகவே வெட்டியது. அடிமரத்துக்குள் பார் முழுசாக இறங்கியதும் செயின் திணறி நின்றது. ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தினால் இன்ஜின் கத்துகிறது, செயின் நகரவில்லை. கொஞ்சம் தூக்கி மறுபடி இறக்கினேன். அரை மணி நேரம் இப்படியே போராடிய பிறகு கருகிய வாடை வந்தது. நிறுத்திப் பார்த்தால் பாரின் முனை காய்ந்து கிடக்கிறது, ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

மெக்கானிக் சொன்ன பிறகுதான் காரணம் புரிந்தது. பார் நீளமானால் ஒரே நேரத்தில் மரத்துக்குள் இருக்கும் பற்கள் கூடுகின்றன. .325 செயினில் ஒவ்வொரு பல்லும் அகலமாகச் செதுக்கும், அதற்குத் தனியாக பலம் வேண்டும். இன்ஜினால் முடியாதபோது வேகம் விழுகிறது. இதில் இருக்கும் கிளட்ச் வேகத்தில்தான் விரிந்து பிடிக்கும். வேகம் விழுந்தால் பிடி நழுவி டிரம்மோடு உரசி, அந்தச் சூடுதான் பக்கத்தில் இருக்கும் பம்ப் சக்கரத்தை உருக்கியிருக்கிறது. பம்பும் சின்ன பாருக்கு அளந்து வைத்தது, 20 இன்ச் முனை வரை அதனால் எண்ணெய் கொடுக்க முடியாது. “மாட்டுறது வேற, ஓடுறது வேற தம்பி. இந்த மெஷினுக்கு 16 இன்ச்தான் கடைசி, புத்தகத்துலயே போட்டிருக்கு பாருங்க” என்றார். போட்டிருந்தது. இத்தனைக்கும் நீள பாரே தேவைப்பட்டிருக்காது. இரண்டு பக்கமும் மாறி மாறி அறுத்தால் 14 இன்ச்சே அந்த மரத்துக்குப் போதுமாம்.

விற்றவரிடம் படங்களோடு போனேன். வாங்கும் வரை ‘அண்ணா’ என்றவர் இப்போது ‘சார்’ என்கிறார். “நீங்க ஓட்டினது தப்பு சார்.” அப்புறம் “செயின் டைட்டா வச்சிருப்பீங்க சார்.” வீடியோ கேட்டார், அனுப்பினேன், இரண்டு நாள் சத்தமே இல்லை. பிறகு “ஓட்டின பொருளைத் திரும்ப எடுக்கிறதில்லை” என்று ஒரே வரி. தளத்தில் புகார் கொடுத்தேன். பொருள் விளம்பரத்தில் சொன்னபடியே வந்திருப்பதால் புகாரை முடித்துவிட்டோம் என்று பதில். எல்லா மெஷினுக்கும் பொருந்தும் என்பதே பொய், அதை யாரிடம் போய்ச் சொல்வது? மறுபடி எழுதினேன், விற்றவர் என்னை பிளாக் செய்துவிட்டார். இரண்டு மாதச் சேமிப்பு! அந்த விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. முதலில் கையேட்டில் அதிகபட்ச பார் நீளத்தைப் பாருங்கள். பொதுவாக 35 முதல் 40 சிசி என்றால் 14, 16 இன்ச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள், 50 சிசி பக்கம் வந்தால்தான் 18 இன்ச், .325 என்று யோசிக்கலாம். பிட்ச், கேஜ் (பள்ளத்தில் ஓடும் கண்ணியின் தடிமன்), டிரைவ் லிங்க் எண்ணிக்கை மூன்றும் பழைய பாரின் அடிப்பகுதியில் பெரும்பாலும் அடித்திருக்கும். அழிந்திருந்தால் அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் நீளத்தை அளந்து பாதியாக்குங்கள், அதுதான் பிட்ச். செயின், ஸ்ப்ராக்கெட், பாரின் முனைச் சக்கரம் மூன்றுக்கும் பிட்ச் ஒன்றாக இருக்க வேண்டும். கேஜ் பாரின் பள்ளத்தோடு சேர வேண்டும், செயின் மெலிதாக இருந்தால் ஆடும், அறுப்பு கோணும்.

இன்னொன்று, என் பழைய செயினில் பல்லுக்கு முன்னால் மேடு வைத்த லிங்க் இருந்தது, கிக்பேக்கை, அதாவது மெஷின் திடீரென்று ஆள் பக்கம் எகிறுவதை, குறைக்க. இவர்கள் அனுப்பியதில் அது இல்லை. பாரின் முனை மேல்பாதி எதிலாவது பட்டிருந்தால் மெஷின் என் முகத்துக்கு வந்திருக்கும். சிசி கேட்காமல் பார் விற்கிற எவரிடமும் வாங்காதீர்கள்.