கோத்தகிரி டி.டி.பி. கடை: ஹோம்ஸ்டே பக்கத்தைப் படிக்கிற மாதிரி ஆக்கித் தந்தார்கள்

கோத்தகிரியில் ஹோம்ஸ்டே, காட்டேஜ் நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் இணையப் பக்கத்தில் எல்லாத் தகவலும் இருந்தும் விருந்தினர்கள் போன் போட்டு அதையே கேட்கிறார்கள் என்றால், மார்க்கெட் பக்கம் இருக்கிற இந்தச் சின்ன டி.டி.பி. கடைக்குப் போய்ப் பாருங்கள். கல்யாணப் பத்திரிகை, பில் புக் அடிக்கிற கடைதான், ஆனால் அங்கே இருக்கும் அக்கா எழுத்தைத் திருத்துவதில் கெட்டிக்காரர்.

எங்கள் பழைய பக்கத்தைச் செய்தவர், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்துப் படமாக ஏற்றியிருந்தார். பெரிதாக்கினால் மங்கும், நம்பரைத் தொட்டால் அழைப்பு போகாது, கூகுளில் தேடினால் ஒரு வார்த்தையும் அகப்படாது. அக்கா எல்லாவற்றையும் யூனிகோடில், அதாவது போனும் கூகுளும் எழுத்தாகவே படிக்கிற முறையில், புதிதாக அடித்தார். அப்புறம்தான் நிஜமான வேலை.

"எங்கள் இல்லத்திற்கு வருகை தரவிருக்கும் அன்பான விருந்தினர்கள் தங்களது பயணத்தை மேற்கொள்வதற்கு முன்பாக இ-பாஸ் பெற்றுக்கொள்வது அவசியமாகும் என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று ஒரு வாக்கியம் இருந்தது. (இ-பாஸ் என்பது நீலகிரிக்குள் வண்டியில் வர இணையத்தில் எடுக்கிற அனுமதி.) "தம்பி, குஞ்சப்பனை செக்போஸ்ட்ல மழையில நின்னு இதைப் படிக்கிறவருக்கு, என்ன செய்யணும்னு எந்த இடத்துல புரியும்?" என்றார். இப்போது அங்கே இருப்பது: "சொந்த வண்டியில் வருகிறீர்களா? கிளம்பும் முன் இ-பாஸ் எடுத்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் வந்தால் தேவையில்லை." 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது, ஆனாலும் அதைப் பற்றிக் கேட்டு வந்த அழைப்புகள் இந்த மூன்று வரிக்கு அப்புறம்தான் குறைந்தன.

வரிசையையும் மாற்றினார். கோடை சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாக விட்டு, கோத்தகிரி சாலையை இறங்குவதற்கு மட்டும் வைப்பது வழக்கம், இது தெரியாமல் வருபவர் அடிவாரத்தில் திண்டாடுவார். எங்கள் பக்கத்தில் அந்தத் தகவல் பனிமூட்டம், தேயிலைத் தோட்டம், தாத்தா கதை எல்லாம் தாண்டிக் கடைசியில் கிடந்தது. அக்கா அதைத்தான் முதல் வரியாக வைத்தார்.

பார்வைக்கும் சுலபமாக இருக்கிறது. தமிழில் சொற்கள் நீளம் என்பதால், போன் திரையில் இரண்டு ஓரத்தையும் நேராக்கினால் நடுவே ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும், அதனால் இடது ஓரத்தை மட்டும் நேராக விட்டார். மேல் வரியின் 'கூ'வும் கீழ் வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளாதபடி வரிகளைத் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார்.

குறை என்றால், கத்தரி கொஞ்சம் அதிகம். தாத்தா தேயிலை நாற்று வைத்த கதையை ஒரே வரியாக்கிவிட்டார், எனக்கு மனசு கேட்கவில்லை. கேட்டதும் தனிப் பக்கமாகப் போட்டுக் கொடுத்தார், அதுவும் நன்றாகவே அமைந்துவிட்டது. ஆங்கிலப் பக்கம் இவர்கள் செய்வதில்லை. கட்டணம் எங்கள் அறையின் ஒரு நாள் வாடகைகூட வராது. கல்யாண முகூர்த்த மாதங்களில் பத்திரிகை வேலை குவிந்துவிடுவதால், சீசனுக்கு வேண்டுமென்றால் பொங்கல் முடிந்ததுமே கொடுத்துவிடுங்கள்.