வண்டிக்குள் படுக்கைத் தட்டு போடக் கொடுக்கிறீர்களா? மைக்கா ஒட்டும் முன் போய்ப் பாருங்கள்

பொலேரோ, கூர்க்கா, ஸ்கார்ப்பியோ என்று எந்த வண்டி வைத்திருந்தாலும் சரி, பின்பக்கம் பலகை அடித்துப் படுக்கையும் கீழே சாமான் பெட்டியும் போடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நீலகிரி நண்பர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். நான் 38,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம் போனதைவிட, என் வண்டியின் தரையில் 22 ஓட்டைகள் விழுந்ததும், என்னோடு வேலைக்கு வரும் பையன் ஒரு விரல் நகத்தை இழந்ததும்தான் எனக்குத் தாங்க முடியவில்லை.

என் தொழில் தேயிலை பறிக்கும் மெஷின், கவாத்து மெஷின் ரிப்பேர். ஊர் கோத்தகிரி. சீசனில் கூடலூர், தேவாலா, பந்தலூர், சேரம்பாடி என்று வாரத்தில் மூன்று நாள் அந்தப் பக்கம்தான். வேலை முடிய இருட்டிவிடும், அதற்கு மேல் அந்த ரோட்டில் யானை எந்த வளைவில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஃபாக்டரி வாசலிலோ எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் பக்கத்திலோ சொல்லிவிட்டு வண்டிக்குள்ளேயே படுத்துக்கொள்வேன். பல வருஷமாக முன்சீட்டைச் சாய்த்துப் படுத்து முதுகு போனதுதான் மிச்சம். சரி, ஒழுங்காக ஒரு தட்டு போட்டுவிடலாம், மேலே மெத்தை, கீழே இரண்டு டிராயரில் ஸ்பேரும் டூல்ஸும் என்று ஏப்ரல் மாதம் முடிவு செய்தேன்.

வண்டி 2018 பொலேரோ. பின்னால் பக்கவாட்டில் பார்த்து உட்காரும் இரண்டு சீட்டைக் கழற்றி, நடு வரிசையை மடக்கினால், முன் சீட்டை முழுக்க முன்னால் தள்ளிய பிறகு 5 அடி 10 அங்குலம் நீளம் கிடைக்கிறது. எனக்கு அது போதும். நான் கேட்டது எளிமையான வேலை. ஒன்றேகால் இஞ்ச் ஸ்கொயர் டியூபில் ஃபிரேம், தண்ணீர் தாங்கும் 12 எம்எம் மரைன் பிளைவுட், மெத்தைக்கு அடியில் காற்றுப் போக ஓட்டைகள். முக்கியமாக, சீட் உட்காரும் அதே போல்ட் ஓட்டைகளில் தட்டு உட்கார வேண்டும், நாலு போல்ட்டைக் கழற்றினால் தட்டு வெளியே வந்து சீட் திரும்ப உள்ளே போக வேண்டும். இதை ஆசைக்குக் கேட்கவில்லை. பதிவுச் சான்றில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. ஏழு பேர் வண்டி ஏழு பேர் வண்டியாகவே திரும்ப வரக்கூடியதாக இருக்க வேண்டும்.

பட்டறைக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வயதில் மூத்தவர், பேச்சு அவ்வளவு இதமாக இருந்தது. "தம்பி, நீங்க வண்டிய விட்டுட்டுப் போங்க, ஞாயித்துக்கிழமை வந்து படுத்துப் பாருங்க, அப்புறம் வீட்டுல கட்டில் வேண்டாம்பீங்க" என்றார். 25,000 முன்பணம் கேட்டார், ஜிபேயில் போட்டேன். எழுதிக் கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு, அதில் மொத்தத் தொகை மட்டும்தான். என்ன பலகை, என்ன தடிமன், என்ன டியூப் என்று ஒரு வார்த்தை இல்லை. நடுவில் இரண்டு தடவை வந்து பார்க்கவா என்று கேட்டபோது, "வேலை நடக்கும்போது வந்தா கை ஓடாது தம்பி" என்றார். நானும் ஒரு மெக்கானிக்தான், கஸ்டமர் பக்கத்தில் நின்றால் எனக்கும் பிடிக்காது, அதனால் அதை நியாயம் என்று எடுத்துக்கொண்டேன். நான் விட்ட தப்பு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை போனால் பார்க்க அழகாகத்தான் இருந்தது. எல்லாப் பக்கமும் பலகையை மூடும் மர நிற மைக்கா ஷீட் ஒட்டி, ஓரத்தில் பீடிங் அடித்து, ஒரு வெட்டு முனைகூடத் தெரியாமல் மூடியிருந்தார். பலகை தடிமனாகத் தெரிகிறதே என்றேன். "12 கேட்டீங்க, 18 போட்டிருக்கேன், உங்களுக்குத்தான் லாபம்" என்றார். மீதி 13,000 கொடுத்துவிட்டு வந்தேன். போல்ட்டைத் தேடியது வீட்டுக்கு வந்த பிறகுதான். ஒரு போல்ட்கூட இல்லை. ஃபிரேமின் காலை நேராகத் தரைத் தகட்டில் வைத்து செல்ஃப் ஸ்க்ரூ அடித்திருந்தார். வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், ஸ்க்ரூ முனைகள் கீழே நீட்டிக்கொண்டிருக்கின்றன, அதில் ஒன்று ஹேண்ட்பிரேக் கேபிளுக்கு இரண்டு விரல் தள்ளி. அந்தத் தரைத் தகடு ஒரு எம்எம் கூட இருக்காது. அதில் ஸ்க்ரூ பிடிமானம் என்பது பேருக்குத்தான், அசைய அசைய ஓட்டை பெரிதாகும், கீழிருந்து அடிக்கும் தண்ணீர் கார்பெட்டுக்கு அடியில் போய் நிற்கும். எனக்கு அதுதான் நடந்தது, ஜூன் கடைசியில் கார்பெட்டைத் தூக்கினால் துரு.

பழைய சீட் இரண்டும் எங்கே என்று கேட்டேன். ஒன்றுதான் கொடுத்தார். இன்னொன்றைப் பழைய இரும்போடு யாரோ தூக்கிப்போட்டுவிட்டார்களாம்.

முதல் மழைக்கே மற்றதும் தெரிந்துவிட்டது. சேரம்பாடியில் இரண்டு ராத்திரி விடாமல் பெய்தது. கண்ணாடியெல்லாம் மூடித்தான் படுக்க வேண்டியிருந்தது, விடிகாலையில் கண் எரிந்து தொண்டை கரகரத்து எழுந்தேன். மலிவான பிளைவுட்டின் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை விடும் நெடி அப்படித்தான் இருக்கும், மூடிய வண்டிக்குள் சொல்லவே வேண்டாம். மெத்தையைத் தூக்கினால் அடிப்பக்கம் முழுக்க ஈரம். ராத்திரி முழுக்க நாம் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த பலகையில் பட்டு அங்கேயே தங்கிவிடுகிறது, நான் கேட்ட காற்று ஓட்டைகள் ஒன்றுகூடப் போடவில்லை. மூன்றாம் நாள் மேல் மூடி ஊறி உப்பிப்போய்த் திறக்கவில்லை, உள்ளே ஸ்பானர் செட் மாட்டிக்கொண்டது.

அன்றைக்குத் திரும்பி வரும்போதுதான் பையனுக்கு அடிபட்டது. டிராயருக்குப் போட்டிருந்தது வீட்டுச் சமையலறை அலமாரியில் மாட்டும், இழுத்தால் நீளும் டெலஸ்கோபிக் சேனல். தனியாக லாக் கிடையாது. சமதளத்தில் ஒன்றும் தெரியாது. கூடலூரிலிருந்து நடுவட்டம் ஏறும் ரோட்டில் வண்டி மூக்கைத் தூக்கி நிற்கும்போது, 40 கிலோவுக்கு மேல் சாமான் இருந்த டிராயர் தானாகப் பின்னால் வந்து கதவில் சாய்ந்து நின்றிருக்கிறது. நடுவட்டத்தில் டீ குடிக்க நிறுத்தினோம், பையன் ஃபிளாஸ்க் எடுக்கப் பின்கதவைத் திறந்தான், டிராயர் முழு வேகத்தில் வெளியே வந்து அவன் விரலைக் கதவோடு சேர்த்து நசுக்கிவிட்டது. கூடலூர் அரசு மருத்துவமனைக்குத் திரும்ப இறங்கினோம். எலும்பு தப்பியது, நகம் போய்விட்டது.

அதே இறக்கத்தில் ஒரு கேரட் லோடு வேனுக்காகப் பிரேக்கை அழுத்தினேன். பின்னால் மொத்தத் தட்டும் ஒரு அங்குலம் முன்னால் நகர்ந்து சீட்டில் இடித்தது. பலமாகப் பிரேக் பிடித்தால் பின்னால் இருக்கும் எடையில் முக்கால் பங்கு அளவுக்கு முன்னால் தள்ளும் விசை வரும். மோதல் என்றால் அது பல மடங்கு. தலைக்குப் பின்னால் இருக்கும் அந்த எடையைப் பிடித்திருந்தது வெறும் ஸ்க்ரூக்கள் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

வீட்டுக்கு வந்ததும் கிரைண்டரை எடுத்து ஒரு மூலையை வெட்டினேன். மரைன் பிளைவுட்டில் ஃபீனால் பசை இருக்கும், வெட்டிய முனையில் அடுக்குகளுக்கு நடுவே கரும்பழுப்புக் கோடு தெரியும். இதில் கோடே தெரியாமல் வெளிறிக் கிடந்தது. உள்ளே சில இடத்தில் பொந்து வேறு. சந்தேகம் தீர ஒரு துண்டைப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிட்டேன். ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை போட்ட மரைன் பிளைவுட் 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனையைத் தாங்க வேண்டும் என்பது விதி. இது மூன்று மணி நேரத்தில் பரோட்டா மாதிரி அடுக்கு அடுக்காகப் பிரிந்து வந்துவிட்டது. டியூபும் அப்படித்தான், 1.6 எம்எம் பேசினோம், வெர்னியர் அளவுகோல் வைத்தால் ஒரு எம்எம்முக்கும் கீழே. 18 எம்எம் என்பதும் லாபம் இல்லை, முழு ஷீட் ஒன்று 35 கிலோ வரும், 12 எம்எம் என்றால் 23, 24தான். மொத்தத் தட்டையும் ஃபாக்டரி எடை மேடையில் ஏற்றிப் பார்த்தேன், நான் 60 கிலோ நினைத்த இடத்தில் 110 கிலோ. கனத்தையும் கூட்டி, பலத்தையும் குறைத்து, அதை லாபம் என்று சொல்லி என் கையில் கொடுத்திருக்கிறார்.

இன்னொன்று, வெல்டிங்கை வண்டிக்குள்ளேயே வைத்துச் செய்திருக்கிறார், மைக்காவைப் பிய்த்தபோது சீட் துணியில் பொறி பட்ட கருகல் தெரிந்தது. பேட்டரியைக் கழற்றாமல் வண்டிக்குள் ஆர்க் வெல்டிங் செய்தால் வண்டியின் கம்ப்யூட்டரான இசியு, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் இரண்டும் போகலாம். எனக்கு அது மட்டும் தப்பியது. உங்கள் பட்டறையில் ஃபிரேமை வெளியே வைத்து வெல்ட் செய்து கொண்டுவந்து உள்ளே வைக்கிறார்களா என்று வாயைத் திறந்து கேளுங்கள்.

பட்டறைக்காரரிடம் போய்க் கேட்டபோது முதலில், "மழையில எந்தப் பலகையும் அப்படித்தான் தம்பி." கொதிக்கவைத்த துண்டைக் காட்டியதும், கடைக்காரன் தன்னையும் ஏமாற்றிவிட்டான் என்றார். பலகை வாங்கிய பில்லைக் காட்டுங்கள் அண்ணா என்றேன், இல்லை. பையனின் விரலைப் பற்றிச் சொன்னேன். "பாத்துத் திறந்திருக்கணும்" என்றார். அதுவரை பணம் பாதி வந்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன், அந்த வார்த்தைக்குப் பிறகு விடக் கூடாது என்று தோன்றிவிட்டது.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன், பட்டறைக்காரர் போனையே எடுக்கவில்லை. இப்போது ஊட்டியில் இருக்கும் நீலகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். சரியான பில் இல்லாததால் என் கையில் இருப்பது ஜிபே ரசீது, "12 மரைன், போல்ட் டைப்" என்று நான் வாட்ஸ்ஆப்பில் அனுப்பி அவர் "ஓகே தம்பி" போட்ட மெசேஜ், வெட்டிய துண்டு, எடைச் சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு. அந்த ஒரு "ஓகே"தான் பெரிய பலம் என்று வக்கீல் சொன்னார். வாயால் பேசியதை எல்லாம் அன்றைக்கே மெசேஜாக அனுப்பிப் பதில் வாங்கி வையுங்கள். பலகை வந்து இறங்கும் நாளில் நேரில் போய் முத்திரையில் இருக்கும் சிஎம்/எல் என்ற லைசென்ஸ் எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுப் பாருங்கள். மைக்கா ஒட்டும் முன் இன்னொரு தடவை போங்கள், வர வேண்டாம் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். முன்பணம் பொருள் வாங்கும் அளவுக்கு மேல் வேண்டாம்.

தட்டை முழுதாகப் பிரித்துவிட்டேன். ஓட்டைகளைத் தகடு வேலை செய்யும் ஒரு டின்கர் அடைத்து, அடியில் ஆன்டி ரஸ்ட் அடித்துக் கொடுத்தார். அருவங்காட்டில் ஒரு ஆசாரி புதிதாகச் செய்கிறார், போன சனிக்கிழமை 12 எம்எம் ஷீட்டை என் கண் முன்னால்தான் அறுத்தார், மைக்காவே வேண்டாம், இரண்டு கோட் வார்னிஷ் போதும் என்று அவரே சொன்னார். டிராயருக்கு லாக் உள்ள சேனல் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். காணாமல் போன சீட்டுக்கு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன், யாரிடமாவது பொலேரோவின் இடதுபக்கப் பின் சீட் பிராக்கெட்டோடு இருந்தால் சொல்லுங்கள், விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.