மாத்லாவா, ஹூக்ளியா? கங்கை டெல்டாவின் இரண்டு கழிமுகங்கள்

வரைபடத்தை மட்டும் கொடுத்து, கங்கை டெல்டாவில் துறைமுகத்துக்கு இடம் காட்டச் சொன்னால் நானும் மாத்லாவைத்தான் காட்டியிருப்பேன். கரையிலுள்ள கேனிங் என்ற ஊருக்குக் கீழே அந்த ஆறு அகன்று, பெரிய வளைவுகள் இல்லாமல் தெற்கே இறங்கி வங்கக் கடலைத் தொடுகிறது. மேற்கே, கொல்கத்தா வழியாக ஓடும் கங்கையின் கிளையான ஹூக்ளி நெடுக வளைவும் மணல்திட்டும்தான். அங்கே 1694இல் மூழ்கிய கப்பலின் பெயரையே 'ஜேம்ஸ் அண்ட் மேரி' என்று ஒரு திட்டுக்கு வைத்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். ஹூக்ளி தூர்ந்து கொல்கத்தாத் துறைமுகத்துக்குக் கப்பல் வர முடியாமல் போய்விடும் என்று அஞ்சி, மாத்லாக் கரையில் கேனிங் துறைமுகத்தை எழுப்பினார்கள்.

கணக்கில் விட்டுப்போனது ஒன்றுதான்: மேலேயிருந்து வரும் நன்னீர்.

ஹூக்ளியின் முகத்துவாரம் எண்ணெய் ஊற்றும் புனல் போல, வாய் அகன்று உள்ளே குறுகுவது. சாகர் தீவருகே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல்மட்டம் 5 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். உள்ளே போகப்போகக் கரைகள் நெருங்குவதால், சில நாட்களில் ஏற்றநீர் சுவர்போல எழுந்து ஆற்றை எதிர்த்து ஓடும். வங்காளத்தில் அதை 'பான்' என்பார்கள். ஏற்றம் சீக்கிரம் முடிந்துவிடும், வற்றம் நெடுநேரம் நீளும். அப்படியென்றால் உள்ளே வரும் நீருக்குத்தான் வேகம் அதிகம். கோடையில் அது வண்டலை மேல்நோக்கித் தள்ளிக் குவிக்கிறது. மழைக்கால வெள்ளம் அதைத் திரும்பக் கடலுக்கு விரட்டுகிறது. இந்த விரட்டலுக்கு வலுச் சேர்க்கத்தான் 1975இல் கங்கையின் குறுக்கே ஃபராக்கா தடுப்பணை செயலுக்கு வந்து, கங்கை நீரின் ஒரு பங்கு ஹூக்ளிக்குத் திருப்பப்பட்டது. தூர்வாரும் செலவு அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் கப்பல் வந்துபோகிறது.

மாத்லாவிலும் ஓதத்துக்கு, அதாவது கடல்நீரின் ஏற்றவற்றத்துக்கு, குறைவில்லை. பெயருக்கே வங்காளியில் வெறிகொண்டது என்று பொருள். மேலிருந்து தள்ள ஆறுதான் இல்லை. அதற்கு நீர் தந்த பித்யாதரி ஆறு தூர்ந்துபோயிற்று. கடல்நீர் உள்ளே வருகிறது, ஏற்றம் முடிந்து சற்று நேரம் அசையாமல் நிற்கிறது, அந்த நேரத்தில் வண்டல் படிகிறது. மெதுவாக வடியும் வற்றநீரால் அதை முழுதாக அள்ளிப்போக முடிவதில்லை. நிலைமையை மோசமாக்கியவை கரைகள். சுந்தரவனத் தீவுகளில் பயிரிடுவதற்காக மண்கரை எழுப்பியபோது, முன்பு ஏற்றநீர் பரவிக் கிடந்த பரப்பு அடைபட்டது. பரவ இடமில்லாததால் ஒவ்வொரு ஓதத்திலும் உள்ளே வந்து வெளியேறும் நீரின் அளவும் குறைந்தது. தீவில் படிய வேண்டிய வண்டல் ஆற்றின் அடியிலேயே தங்கிவிட்டது. என்னை மிகவும் உறுத்துவது இதுதான்: கரைக்கு உள்ளே நிலம் வண்டலின்றித் தாழ்ந்தே கிடக்க, வெளியே ஆற்றின் படுகை உயர்ந்துகொண்டே வருகிறது.

உவர்ப்பிலும் வித்தியாசம் பெரிது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கோடையில் மாத்லா நீர் அதற்கு அருகில் போய்விடும். நன்னீர் கலக்காத, சுந்தரவனத்தின் இந்த நடுப்பகுதியில் சுந்தரி என்ற அலையாத்தி மரம் அரிதாகிவிட்டதற்கு அதுவே காரணம். ஹூக்ளியில் மேலே செல்லச்செல்ல நீர் நன்னீராகிவிடுகிறது.

கேனிங் துறைமுகத்தின் கதை சுருக்கமானது. 'சைக்ளோன்' என்ற சொல்லை உருவாக்கிய ஹென்றி பிடிங்டன், புயலின்போது கடல் இந்த இடத்தைச் சூழ்ந்துவிடும் என்று 1853இலேயே எச்சரித்திருந்தார். 1867 நவம்பரில் வந்த புயல் துறைமுகத்தைச் சிதைத்தது. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது.

கிழக்கே வங்கதேசத்தில் உள்ள மேக்னா கழிமுகத்தை இவற்றோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் வண்டலை அந்தப் பக்கம் கொண்டுவருகின்றன. மழைக்காலத்தில் அங்கே நன்னீர் கடலுக்குள்ளேயே வெகுதூரம் போகிறது. ஒரு கரை கரைந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் புதுத் திட்டு முளைக்கிறது. 'சர்' என்று பெயரிட்டு, நிலம் சற்று இறுகியதும் மக்கள் குடியேறிவிடுகிறார்கள்.