மழை விட்டால்தான் நாடகம்: ஓசுவின் 1934 மௌனப்படம்

நாடகக்காரர்களைப் பற்றிய படம் என்றால் மேடையில் கைதட்டல், திரைக்குப் பின்னால் கண்ணீர் என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. ஜப்பானிய இயக்குநர் யாசுஜிரோ ஓசுவின் 'மிதக்கும் களைகளின் கதை' அந்தப் பக்கமே போகவில்லை. ஊர் ஊராகப் போகும் ஒரு நாடகக் குழு சின்ன ஊர் ஒன்றில் வந்து இறங்குகிறது, மழை பிடித்துக்கொள்கிறது, கொட்டகை ஒழுகுகிறது, வசூல் படுத்துவிடுகிறது. படம் 86 நிமிடம், அதில் மேடையைக் காட்டுவது கொஞ்ச நேரம்தான், அதிலும் மனதில் நிற்பது நாய் வேஷம் கட்டிய பொடியன் டோமியோ அவோகிதான். மற்றபடி ஒழுகும் இடத்தில் பாத்திரத்தை வைத்துவிட்டு, கையில் காசில்லாமல் வெட்டியாக உட்கார்ந்திருக்கும் ஆட்கள். பொடியனிடம் ஒரு பூனை உண்டியல் இருக்கிறது, அதன் மேல் பெற்ற அப்பனுக்கே ஒரு கண்! குழுவின் வரவு செலவு மொத்தமும் அதில் தெரிந்துவிடும்.

குழுத் தலைவன் கிஹாச்சிக்கு (டகேஷி சகமோட்டோ) அந்த ஊரில் பழைய உறவு ஒன்றும் வளர்ந்த மகனும் உண்டு, மகனைப் பொறுத்தவரை இவர் மாமா. இப்போது கூட வாழும் நடிகை ஓட்டாகாவுக்கு விஷயம் தெரிந்ததும், சின்ன நடிகை ஓட்டோக்கிக்குக் காசு கொடுத்துப் பையனை வளைக்கச் சொல்கிறாள். அப்புறம் என்ன ஆகும் என்று நீங்களே ஊகித்துவிடலாம், அதனால் ஒன்றும் குறையாது. அப்பனும் மகனும் ஆற்றில் நின்று தூண்டில் போடும் காட்சி ஒன்று போதும்: இரண்டு தூண்டிலும் ஒன்றுபோல எழுந்து ஒன்றுபோல விழுந்து நீரோட்டத்தோடு போகின்றன. இருவருக்கும் என்ன உறவென்று தெரியாதவன் அங்கே மகன் ஒருவன்தான்.

எனக்கு ஒட்டாதது கிஹாச்சி கை நீட்டும் இடங்கள். இரண்டு பெண்களையும் அடிக்கிறான், மகனையும் விடுவதில்லை. அந்தக் காலம் அப்படி என்று சொல்லலாம்தான், ஆனாலும் கடைசியில் அவன் மேல் நமக்கு வரும் இரக்கம் கொஞ்சம் மலிவாகக் கிடைத்ததுபோல் இருக்கிறது. அந்த நேரத்தில் படத்தைத் தாங்குவது மகனின் தாயாக வரும் சோகோ ஈடா, முகத்தில் ஒரு அலட்டல் கிடையாது.

1934இல் ஏன் மௌனப்படம்? திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லும் பென்ஷிகளுக்கு ஜப்பானில் அவ்வளவு செல்வாக்கு, பேசும் படம் அங்கே மெதுவாகத்தான் வேரூன்றியது. ஓசுவின் முதல் பேசும் கதைப்படம் வந்ததே 1936இல்தான்.

இதே கதையை அவரே 1959இல் வண்ணத்தில் மறுபடி எடுத்தார். அமெரிக்க டிவிடி நிறுவனமான கிரைட்டீரியன் இரண்டையும் ஒரே டிவிடி தொகுப்பாக 2004இல் வெளியிட்டது, மௌனப்படத்துக்கு டொனால்ட் சோசினின் பியானோ இசையோடு. அந்த இசை சில இடங்களில் தேவைக்கு மேல் பேசுகிறது, அப்போது சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பார்க்கும் வரிசை என்றால், கறுப்பு வெள்ளையை முதலில் பாருங்கள். வண்ணப் படம் அழகு, சரி, ஆனால் பசியும் ஒழுகலும் கறுப்பு வெள்ளையில்தான் அதிகம்.